மிரட்டல் வீடு

வீடு தேடி வருகிறவர்களின் வாயைப் பிடுங்குவதில் சாவிக்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கைகொள்ளாத சாவிக்கொத்தோடு தெருத்தெருவாகச் சுற்றும் வீட்டுப் புரோக்கரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள்? எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்தான்.

"உங்களுக்கு எந்த மாதிரி வீடு வேணும்? வாடகை கிடக்கட்டும், மனசுல இருக்கறதைச் சொல்லுங்க." இதுதான் அவருடைய முதல் கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சூட்சுமம் அதில்தான் இருந்தது. புதிதாகக் கல்யாணமான பெண் கணவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற தூரமாக இருந்தால் தேவலை என்பாள். ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர், பக்கத்து வீட்டில் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நல்லது, பொழுது போகும் என்று வெட்கத்தோடு சொன்னார். அவருக்கு அப்படியே ஒரு வீடு பார்த்தும் கொடுத்தார் நம் ஆள். "ஆளுக்கு ஏத்த வீடு. முதல்ல கேக்கணும் சார், அதுக்கப்புறம்தான் காட்டணும்" என்று பீற்றிக்கொள்வார். பீற்றலில் பொய் இல்லை.

தொழிலில் அவருக்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, மிரட்டல் வீடு. இழுத்தடிக்கிற பார்ட்டி வந்தால் முதலில் ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கிற ஒற்றை அறைக்குக் கூட்டிப்போவார். கீழே இயந்திரங்கள் இரவு பகல் பாராமல் உறுமும், மேலே தரை அதிரும். பார்ட்டி காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடும். அதற்கப்புறம் எந்தப் பொந்தைக் காட்டினாலும் சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்று தலையாட்டிவிடும். தன் அறைக்கு மட்டும் ஏன் ஆளே நிற்பதில்லை என்று ஐஸ்காரர் ஒரு பக்கம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இன்னொன்று, சாவி மாற்றுவது. வீட்டுக்காரர் பார்ட்டியோடு பேசிக்கொண்டிருக்கும்போது கொத்து இவர் வலது கையிலேயே இருந்தால், நல்ல பார்ட்டி, கொடுக்கலாம் என்று அர்த்தம். நைசாக இடது கைக்குப் போனால், வேண்டாம், ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடு என்று அர்த்தம். வீட்டுக்காரர்களுக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் ஓடுகிற பாஷை அது. குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்கிறவர்கள் என்று பலபேர் விஷயத்தில் அது பலித்திருக்கிறது. ஒருமுறை, வானத்தைப் பார்த்துத் தானாகப் பேசிக்கொண்டு வந்த ஒரு வாத்தியாருக்கும் கொத்து கை மாறியது. அன்று சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டில் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தது உறைத்தது. அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா அவருக்கு நேர் மூத்தவள். தையல் கம்பெனியில் வரிசை வரிசையாக மிஷின்கள் ஓடுகிற கூடத்தில், காலர் வைப்பதில் அவள் கை கைதான் என்று பெயர் வாங்கியவள். கம்பெனியை இழுத்து மூடினார்கள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு மட்டும் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அப்புறம் மனநல ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. கடைசியாக அங்கிருந்து வந்தபோது டாக்டர் போகிறபோக்கில், "கொஞ்சம் அமைதியான சூழ்நிலை இருந்தா நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தையை சாவிக்காரர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

வீட்டின் கடைக்கோடி அறை அக்காவுக்கு. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாயிற்று. டிவியில் படம் ஓடும், சத்தம் ஓடாது. பிள்ளைகள் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டன. அவர் மனைவி, "தும்மல் வந்தாக்கூட பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தும்மிட்டு வரவேண்டியிருக்கு" என்று கிசுகிசுப்பாள், ஆனால் அவளும் செய்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சாவிக்காரர் அந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து எட்டிப் பார்ப்பார். உள்தாழ்ப்பாளை அவரே கழற்றியிருந்தார், பாதுகாப்புக்காக. அக்காவுக்காக ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

பெருமையெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே யாராவது குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் "நாங்க நாலு பேர்" என்பார். அக்காவைச் சேர்த்தால் ஐந்து. புரோக்கர் வீட்டில் இப்படி ஒரு ஆள் என்று தெரிந்தால் தொழில் படுத்துவிடும் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று இருந்தது. உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. வெட்கம்.

அந்த அக்காதான் ஒரு நாள் காலையில் தனியாகக் கடைக்கு வந்து நின்றாள்.

கடை என்றால் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. முதல் பெஞ்சில் வீடு தேடி வந்த இளம் தம்பதி. அக்கா துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள். சாவிக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். எழுந்து ஓடிப்போய் என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, சொல்லுங்க" என்று வந்தது வாயில்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து வா, போ என்று கூப்பிட்ட அக்காவுக்கு 'ங்க' போட்டது அன்றைக்குத்தான். அதை மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாசலோடு நிறுத்துகிற 'ங்க' அது.

அக்கா அதைக் கவனித்தாள். பிறகு அவளும் அதே பாஷைக்கு மாறினாள். "எனக்கு ஒரு வீடு வேணும் சார். எனக்கு மட்டும்."

"எந்த மாதிரி வீடு வேணும்? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க." பழக்கதோஷம், கேள்வி தானாக வந்து விழுந்தது.

"இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள் அக்கா.

அவள் தணிந்த குரலில், ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாங்க, உங்களுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்னு. எனக்குச் சொல்லத் தெரியலை. வீடு பாக்கறவங்ககிட்ட போய்க் கேளுங்கன்னாங்க. தனியா இருந்தா வாடகையில ஒரு பங்கு ஆஸ்பத்திரியிலேயே குடுப்பாங்களாம், வாராவாரம் வந்து பாத்துக்குவாங்களாம். எனக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். சாவி என்கிட்ட இருக்கணும். யாரா இருந்தாலும் தட்டிட்டு வரணும். இன்னொண்ணும் இருக்கு. அதை வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

தாழ்ப்பாள் என்றதும் அவருக்கு எங்கோ குத்தியது. அதைக் கவனிக்க நேரமில்லை. தம்பதியில் அந்தப் பெண், "பாவம், தனியா வந்திருக்காங்க. முதல்ல அவங்களுக்குப் பாத்துக் குடுங்க சார், நாங்க இருக்கோம்" என்றாள். ஊரில் நல்லவர்கள் இருந்தாலும் சில நேரம் தொல்லைதான். எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

எழுந்திருக்கும்போதே அவர் மூளை கணக்குப் போட்டுவிட்டது. மிரட்டல் வீடுதான். சின்னச் சத்தத்துக்கே ஆகாதவள் அந்த உறுமலைக் கேட்டதும் அலறிக்கொண்டு இறங்கி வருவாள். 'பாத்தியா, வெளி உலகம் இப்படித்தான்' என்று ஆறுதலாகப் பேசி, சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அதற்கப்புறம் அவள் வீடு என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்றும் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு மட்டும் அவரிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

தெருவில் நாலடி முன்னால் நடந்தார். எதிரே வந்தவர்கள் சேர்ந்து வருகிறவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. அக்கா அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள்.

ஐஸ் கம்பெனிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி. கீழே ஆட்கள் கொக்கி போட்டுப் பாளம் பாளமாக ஐஸை இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இழுத்த இடமெல்லாம் ஈரம். மேலே அறை வெறுமையாக இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு குழாய், மூலையில் குளியலறை. இயந்திரத்தின் உறுமல் தரை வழியாக ஏறிக் கால் முட்டிவரைக்கும் வந்தது. சாவிக்காரர் வாசலிலேயே நின்றார். அக்கா ஓடிவந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக.

அக்கா ஓடவில்லை. அறை நடுவில் போய் நின்றாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் இறங்கியது. நெற்றியில் எந்நேரமும் கிடக்கிற அந்த முடிச்சு அவிழ்ந்தது. இப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்ததையே சாவிக்காரர் மறந்துபோயிருந்தார்.

"என்ன?" என்று கத்தினார். அங்கே கத்தினால்தான் கேட்கும்.

"பேசலை."

"யாரு பேசலை?"

"அவங்க. மிஷின் சத்தத்துல அமுங்கிப்போயிட்டாங்க. எங்கயோ தூரத்துல முணுமுணுக்கற மாதிரிதான் இருக்கு." அக்காவும் கத்தித்தான் சொன்னாள். முகத்தில் சிரிப்பு. "தையல் கம்பெனியில இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணுமே கேட்டதில்லை. ஞாபகம் இருக்கா?"

சாவிக்காரர் அவளருகே போய்க் குந்தினார். வந்தது கோபம்தான். "அப்ப வீட்ல? உனக்காகத்தானே நாங்க..."

"உன் வீட்ல ஊசி விழுந்தாக் கேக்கும்டா. எனக்கு ஊசி மட்டுமா கேக்கும்? காலையில ஆரம்பிச்சாங்கன்னா தூங்கறவரைக்கும் அவங்கதான். குறுக்க பேச ஒரு சத்தம் கிடையாது. வாசல்ல யாராவது மணி அடிக்க மாட்டாங்களான்னு இருக்கும். நீதான் அதையும் பிடுங்கிட்டியே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? பிள்ளைங்க எனக்காக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. உன் பொண்டாட்டி பாத்திரத்தைத் துணியைப் போட்டுத் தேய்க்கறா. இதெல்லாம் எனக்கு நரகமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது? நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். ஊர்ல உள்ள எல்லாரையும் கேக்கறே."

சாவிக்காரருக்கு ரப்பர் வைத்த நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் தன் கையால், தரையில் மண்டியிட்டு, பெருமையோடு ஒட்டியது. அமைதி அமைதி என்று, அவளை அந்தக் குரல்களோடு சேர்த்து ஒரே அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். இதைப்போய்த் தியாகம் என்று மனைவியிடம் அளந்திருக்கிறோமே என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

"இங்க ஷிஃப்ட் உண்டா?" என்று அக்கா கேட்டாள்.

"உண்டு. எந்நேரமும் ஆள் இருக்கும்."

"அதுதான் நான் சொல்லாம வச்சிருந்த இன்னொண்ணு. எனக்குத் தூக்கம் வராதப்ப உலகத்துல நான் ஒருத்திதான் முழிச்சிருக்கேன்னு தோணும். இங்க அப்படித் தோணாது."

அப்போது இரும்புப் படி தடதடத்தது. ஐஸ்காரர் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். காளை மாதிரி ஆள், சத்தத்தில் பழகிப் பழகிக் காது பாதி மந்தம். அவரைப் பார்த்ததும் சாவிக்காரர் சடாரென்று எழுந்து நின்றார், அக்காவிடமிருந்து ஓரடி விலகி.

"யாருப்பா, பார்ட்டியா?"

"ஆமா, பார்ட்டி" என்றார் சாவிக்காரர்.

அக்கா எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"தனியாவாம்மா? சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" ஐஸ்காரர் கேட்டார்.

"இருக்காங்க" என்றாள் அக்கா. சாவிக்காரரைக் கைகாட்டி, "இவருக்கு எங்க குடும்பத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. வீடு காட்டக் கூட்டிட்டு வந்தாரு, அவ்வளவுதான்" என்றாள்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அதைவிடச் சரியாக யாரும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை.

பிறகு அவள் கேட்காமலே சொன்னாள். "ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேங்க. எனக்கு மனசுல வியாதி. இல்லாத குரலெல்லாம் கேக்கும். மாத்திரை சாப்பிடறேன், ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பாத்துக்குவாங்க. யாருக்கும் தொந்தரவு குடுத்ததில்லை. எனக்கு இந்த ரூம் ரொம்பப் பிடிச்சிருக்கு."

இந்த அறையை ஒருவர் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஐஸ்காரர் கேட்டதே இல்லை. அவர் முகம் முதலில் மலர்ந்தது, அப்புறம் வியாதி என்ற சொல் உள்ளே இறங்கச் சுருங்கியது. என்ன செய்வது என்று தெரியாதபோது வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்கிறதையே அவரும் செய்தார். பேச்சை நிறுத்திவிட்டு, சாவிக்காரரின் கையைப் பார்த்தார்.

கொத்து இடது கைக்குப் போனது.

சாவிக்காரர் நினைத்து மாற்றவில்லை. பழகின கை, அதுவாகப் போய்விட்டது என்று பின்னால் மனைவியிடம் சொன்னார். கைமேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதன் தப்பித்துவிடலாம் பாருங்கள். கை செய்ததா அவர் செய்தாரா என்பது இருக்கட்டும். சாவிகள் கிணுகிணுத்தது அந்த உறுமலிலும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. தலையை நிமிர்த்தியபோது அக்கா அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பாஷை தெரியும். அவரே சாப்பாட்டு மேஜையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தது.

"அது... என் மச்சான் பையன் ஒருத்தன் கேட்டுட்டிருந்தான்மா, மறந்தே போயிட்டேன்" என்று ஐஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு இழுத்தார்.

"பரவாயில்லைங்க" என்றாள் அக்கா.

படியிறங்கினார்கள். இந்த முறை அக்கா முன்னால் போனாள். லாரியைத் தாண்டி, தெரு முனையில் இருந்த ரொட்டிக் கடை வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நின்றாள். அழுவாள் என்று பயந்துகொண்டே போனார் சாவிக்காரர். அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"சாவியை வலது கைக்கு மாத்திக்கோ தம்பி" என்றாள். "இடது கையில வச்சா உனக்குத் தோள் வலிக்கும்." குரலில் குத்தலே இல்லை. அவருக்குத் தோள் வலி இருப்பது நிஜம்தான். அதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். "சரி, வீட்டுக்குப் போலாம். சத்தம் போடாம வர்றேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சாவிக்காரருக்கு. அவர் நினைத்தபடியே நடந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள், கடைக்கோடி அறைக்குப் போய்விடுவாள், அந்த அமைதிக்குள். இனி வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். நடுத்தெருவில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை.

"இங்கயே நில்லு. போயிடாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

ஐஸ்காரர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஏதோ திருகிக்கொண்டிருந்தார். காதுக்கு அருகே போய் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் சாவிக்காரர் நெருங்கினார். அங்கே ரகசியத்துக்கு இடம் ஏது?

"அது என் அக்கா" என்றார்.

"என்ன?"

"என் அக்கா!"

"சாக்கா? அதோ அங்க கிடக்கு பாரு, எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோ." ஐஸ் மூடுகிற சாக்குக் குவியலைக் காட்டினார் ஐஸ்காரர்.

"சாக்கு இல்லை!" தொண்டை கிழியக் கத்தினார் சாவிக்காரர். "அக்கா! மேல வந்தவங்க என் அக்கா! என் கூடப்பிறந்தவங்க! என் வீட்லதான் இருக்காங்க!"

கொக்கி போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இப்படித் தெருவே கேட்கக் கத்த வேண்டியதாயிற்று. காது மடல் எரிந்தது. எரிந்தது அக்காவை நினைத்து அல்ல, தன்னை நினைத்துத்தான் என்பது அவருக்கே அப்போது புரிந்தது.

ஐஸ்காரர் மெல்லக் கையைத் துடைத்துக்கொண்டார். "உன் அக்காவா? அப்புறம் எதுக்குய்யா சாவியை மாத்தினே?"

கொத்து இன்னும் இடது கையில்தான் இருந்தது.

"அந்தம்மா கேக்காமலே வியாதியைச் சொல்லிச்சு" என்றார் ஐஸ்காரர். "நான் கேட்டும் நீ அக்கான்னு சொல்லலை. ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைய்யா நம்பிக் கூப்பிடறது?"

"என்னைக் கூப்பிடுங்க. எந்நேரமா இருந்தாலும் வர்றேன்."

ஐஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பினதாகத் தெரியவில்லை. "அந்த நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வா, அவங்ககிட்டப் பேசிக்கறேன்" என்றார். பிறகு தெருமுனையில், ரொட்டிக் கடை வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டே, "நிஜமாவே பிடிச்சிருக்காமா அந்த ரூம்?" என்று கேட்டார்.

நர்ஸ் வந்து பேசினாள். ஐஸ்காரர் அவளிடம் ஆயிரம் கேள்வி கேட்டார். சாவிக்காரர் பக்கத்தில் நின்றும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா குடிபோனாள். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பழைய தையல் மிஷின்தான் கனம். உள்தாழ்ப்பாளை சாவிக்காரரே வாங்கிவந்து, தோள்வலியோடு முறுக்கி முறுக்கிப் பொருத்தினார். மற்றவர்கள் என்றால் அந்த அறைச் சாவியின் நகல் ஒன்று தன் கொத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருப்பார். இதை மட்டும் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டாம், உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். சொல்லவில்லை.

வீட்டில் வாசல் மணியை மறுபடி மாட்டினார்கள். முதல் தடவை அடித்தபோது எல்லோரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். பிள்ளைகளுக்கு இன்னும் வாயைப் பொத்தின கையை எடுக்க வரவில்லை. "இனிமே சத்தமாச் சிரிக்கலாம்" என்று அவர் சொன்னார். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். கடைக்கோடி அறையில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில், அக்காவிடம் இத்தனை வருஷம் தான் பேசினதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்குள் கேட்க ஆரம்பித்தது. எழுந்து வந்துவிட்டார்.

அக்காவைப் பார்க்கப் போவது மட்டும் சுலபமாக இல்லை. கதவைத் தட்டினால் அந்த உறுமலில் அவளுக்குக் கேட்காது. அவர் கையில் ஊரில் பாதி வீட்டுச் சாவி இருந்தது, அவள் வீட்டுச் சாவி இல்லை. அதனால் கீழே தெருவில் இறங்கி நின்று, ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட வேண்டும்.

"அக்கா!"

ஐஸ் இழுக்கிற ஆட்களுக்கு அது பழகிப்போன வேடிக்கை. "பத்தாது சார், இன்னும் பலமா" என்பார்கள். தெருமுனையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வீடு பார்த்துக் கொடுத்த பார்ட்டிகளும் அதில் இருப்பார்கள். அன்றைக்குப் பெஞ்சில் இடம் விட்டுக் கொடுத்த அந்த இளம்பெண்ணும் ஒருநாள் இருந்தாள். அவள் மேலே ஜன்னலைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"அக்கா!"

ஜன்னல் திறந்தது. அக்கா கையில் துணியும் ஊசியுமாக எட்டிப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். தெருவை இடதும் வலதும் பார்த்துவிட்டு, "யாருங்க அது?" என்று கேட்டாள்.

"நான்தான்!"

"நான்னா யாருங்க?"

அவளுக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும், முதல் தடவையே காதும் கேட்டிருக்கும். அது அவருக்குத் தெரியும். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சாவிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கத்தினார்.

"உன் தம்பிதான்க்கா!"